அம்மா ரொட்டி அறுத்த விதம்

"மறுபடியும் சிலுவை போட்டுட்டியேம்மா" என்றாள் மீக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

கேமரா நின்றது. நடிகை ஃபீனா கத்தியை மேஜையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். இது ஆறாவது ரொட்டி.

நெதர்லாந்தின் லிம்பர்க் பக்கத்தில் புது ரொட்டியை எடுத்தால், முதல் துண்டு போடுவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு சிலுவை கீறுவது வழக்கம். ஃபீனாவும் இதே மண்ணில் பிறந்தவள்தான்.

"நான் என்ன பண்ணட்டும் மீக்காம்மா, கை தானாப் போகுது. எங்க வீட்ல சிலுவை போடாம ரொட்டியில கத்தி வச்சா, அம்மா அன்னிக்கு சோறு போடமாட்டா."

"உங்கம்மாவைப் பத்தி நாடகம் எடுக்கும்போது போட்டுக்கோ. இது எங்கம்மா."

இயக்குநர் யோஸ்ட் விளக்குகளுக்குப் பின்னாலிருந்து வந்தான். போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்களிடமிருந்து யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர். அதில் இந்தப் பகுதி மீக்காவின் அப்பா ஷெங், அம்மா நெட்டா கதை. பரணில் ஒரு யூதப் பெண் ஒளிந்திருக்க, சோதனைக்கு வந்த போலீஸ்காரர்களுக்கு நெட்டா ரொட்டி அறுத்துக் கொடுக்கிறாள். அதுதான் காட்சி. எடுப்பதும் மீக்கா பிறந்து வளர்ந்த அதே அடுப்படியில்.

"மூணு வாரமா நான் ஏதாவது சொன்னேனா தம்பி?" என்றாள் மீக்கா. "எங்கப்பாவுக்கு மீசை ஒட்டினீங்க, சரின்னேன். எட்டு மாடு நின்ன தொழுவத்துல ரெண்டைக் கட்டியிருக்கீங்க, அதுக்கும் சரின்னேன். அம்மா கையை மட்டும் மாத்தாதீங்க. நாடே பாக்கப்போகுது. வேற யாரோ ஒருத்தியைக் காட்டி இவதான் நெட்டான்னா, நான் எங்க போய்ச் சொல்றது?"

"இந்த ஊர்ல சிலுவை போடாத வீட்டுக்காரியாம்மா? பாக்குறவங்க எனக்குக் கடுதாசி எழுதியே கொன்னுடுவாங்க. இன்னைக்கு இங்க கடைசி நாள் வேற. ஒண்ணு சிலுவையோட எடுக்கணும், இல்ல இந்தக் காட்சியையே தூக்கணும்."

மீக்கா மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்காதப்பா. சிலுவை இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதைப் போட்டது எங்கப்பா."

"அப்பாவா?"

"போலீஸ்காரன் எதிர்லயே உட்கார்ந்திருந்தான்ல. அம்மா கத்தியை எடுத்ததும், அப்பா எட்டி ரொட்டியைப் பிடுங்கி, தானே சிலுவை போட்டு, திரும்ப அவங்க கையில கொடுத்தார். 'இந்த வீட்ல நான் போட்ட பிறகுதான் அறுக்கணும், எத்தனை தடவை சொல்றது'ன்னு ஒரு அதட்டல் வேற."

"சரியான முரட்டு மனுஷனா இருந்திருப்பார் போல" என்றாள் ஃபீனா.

"முரடா? எங்கப்பா மாட்டைக்கூட அதட்டினது இல்ல. அன்னிக்கு ஒரு நாள்தான்."

யோஸ்டுக்கு அது பிடித்திருந்தது. ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். மீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் எங்கம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபீனா ஏழாவது ரொட்டியிலிருந்து ஒரு துண்டை வெண்ணெய் தடவி அவளிடம் கொடுத்தாள்.

"அடுத்து பரண்" என்றான் யோஸ்ட். "ஏணியைக் கொண்டாங்கப்பா. மீக்காம்மா, அந்த யூதப் பொண்ணு எந்த மூலையில படுத்திருந்தான்னு மட்டும் காட்டிடுங்க."

"பரண்லயா? அங்க மழை ஒழுகும். யாரும் இருந்ததில்ல."

"உங்கப்பாவே சொன்னதாச் சொன்னாங்களே?"

"யூதப் பொண்ணு ஒருத்தியை வீட்ல வச்சுக் காப்பாத்தினேன்னு அப்பா சொன்னது நிஜம். பரணை ஜோடிச்சது ஊர்."

"அப்போ எங்கதான் ஒளிச்சு வச்சார்?"

மீக்கா வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இதே அடுப்படியிலதான் தம்பி, இடுப்புல சமையல் துணி கட்டிவிட்டு, பொண்டாட்டின்னு சொல்லி. சண்டை முடிஞ்சதும் 'இனி நீ பயமில்லாமப் போகலாம்'னாராம். 'ரொட்டி பாதி அறுத்திருக்கேன், முடிச்சிட்டுப் போறேன்'னாங்களாம். அடுத்த வருஷம் நான் பிறந்தேன்."