சீதன மெசின்

நெடுஞ்சாலையில் முன்னால் எங்கோ ஒரு லொறி சறுக்கிப் பிரண்டிருந்தது. எங்கள் கார் முக்கால் மணித்தியாலமாக நகரவில்லை.

கலியாண ஹோல் பார்த்துவிட்டு ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் என் கணவர் இராஜரட்ணமும் மகன் துஷாந்தும். பின்னால் நானும், துஷாந்த் கட்டப்போகும் ஜூலியும். வெளியே கண்ணாடியை மூடும் பனி.

பொழுது போகட்டும் என்று இவர் தன் காதல் கதையைத் தொடங்கினார். மயிலிட்டியில் ஆமி வர ஓடி, யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடமொன்றில் அகதியாகக் கிடந்தது. கிழிந்த சேர்ட்டோடு தையல் மெசின் உள்ள எங்கள் வீட்டைத் தேடி வந்தது.

"முதல் கிழிசல் முள்ளுக்கம்பி. ரெண்டாவது சைக்கிள் செயின். மூண்டாவதை நானே கிழிச்சனான், பிள்ளை."

நூறாவது தடவை என்று முனகியபடி துஷாந்த் அதை இங்கிலிசில் சொன்னான். ஜூலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு தன் வீட்டுக் கதையைச் சொன்னாள்.

அவள் செரோக்கி இனத்துப் பிள்ளை. பிறந்தது ஒக்லஹோமாவில். ஆனால் அவர்களுடைய மண் அதுவல்ல, ஜோர்ஜியாவின் மலைகள். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன், அவளுடைய மூதாய் ஒருத்தி பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது துவக்குகளோடு சிப்பாய்கள் வந்தார்கள். நின்ற நிலையில் எல்லோரையும் வெளியேற்றினார்கள். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால், பக்கத்துக் காணிக்காரி அதற்குள் முற்றத்துக்கு வந்து நூல் நூற்கும் இராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

பனிக்காலம் முழுக்க ஒக்லஹோமாவுக்கு நடத்திக்கொண்டு போனார்களாம். வழியில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாளாம். ஆனால் சாகும்வரை அவள் மறக்காதது சிப்பாய்களின் முகத்தை அல்ல, இராட்டினம் தூக்கியவளின் முகத்தைத்தானாம்.

எங்களுக்கும் இதே கதைதான் என்று துஷாந்த் சொன்னான். அம்மா, அப்பா, இரண்டு பேருக்கும்.

ஜூலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு இனத்துக்குள் போகப் பயந்திருந்தாளாம். இந்தக் குடும்பத்தில் தான் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறதாம்.

கையை இழுக்க முடியவில்லை. கதவைத் திறந்தாலும் போக இடமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த தெருவிலிருந்த முஸ்லிம்களைப் போராளி இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு அனுப்பியது. மறுநாள் விடிய அம்மாவும் நானும் ஒரு வீட்டுக்குள் போனோம். அடுப்பில் சோற்றுப்பானை மூடியபடி இருந்தது. எனக்குப் பதினேழு வயது. அங்கிருந்த தையல் மெசினின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன்.

இவருக்குத் தெரியாது. அம்மாவின் சீதன மெசின் என்றுதான் சொல்லியிருந்தோம்.

சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவாள். காலம் முழுக்க இப்படியே என் கையைப் பிடிப்பாள்.

மகன் நடுவில் நின்று மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக, எனக்குத் தெரிந்த இங்கிலிசிலேயே சொன்னேன். அப்படி நடந்தது இவருக்கு, எனக்கல்ல. நான் தூக்கிக்கொண்டு போன ஆள். துரத்தப்பட்டவர்களின் வீட்டிலிருந்து, அந்தத் தையல் மெசினை.

ஜூலியின் விரல்கள் தளர்ந்தன. கையை எடுக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: அது யாருடைய மெசின்?

எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரரின் பெயரை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"காசிம் றிஸானா," என்றார் இவர், ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "ஆண்டு ஒன்பது."

துஷாந்த் திரும்பித் தகப்பனைப் பார்த்தான்.

"மெசின் மேசையின்ர இழுப்பு லாச்சிக்குள்ள அந்தப் பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கொப்பி கிடந்தது. எண்ணெய் விடேக்க கண்டனான்."

எப்போது என்று நான் கேட்டேன்.

"கலியாணத்துக்கு முந்தி."