மூடாத குழி

இலையுதிர்காலம் தன் கடைசிப் பொன்னையும் மண்ணில் சொரிந்துவிட்டு, மொட்டை மரங்களிடம் மெல்ல விடைபெற்றுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டு நிலமெங்கும் உறைபனி இறங்கிவிடும்.

பழைய கண்ணாடிக் குப்பிகளைத் தோண்டியெடுப்பது நோரிசின் பொழுதுபோக்கு. ஒன்பது ஆண்டுகளாகத் தம் தோட்டத்தில் தோண்ட அவனுக்கு இடங்கொடாத கிழவர் ஆக்ராய்டு, அன்று தாமே வேலிக்கதவைத் திறந்துவிட்டார்.

"ஆப்பிள் மரத்தடியில தோண்டு தம்பி. அந்தக் காலத்துக் குப்பையெல்லாம் அங்கதான் கிடக்கு. பாட்டிலெல்லாம் உனக்கே. குழியை மட்டும் மூடாதே."

"மூடிட்டுப் போறதுதான் எங்க வழக்கம் ஐயா. உங்க மாடு விழுந்து காலை ஒடிச்சுக்கும்."

"மாடெல்லாம் வித்தாச்சு. மண்வெட்டியை விட உன் வாய்தான் நீளம். தோண்டு."

மாலைக்குள் நீலநிற மருந்துக் குப்பிகள் ஏழு கிடைத்தன. குழி நோரிசின் தோளைத் தொட்டது.

"கால்மாட்டுப் பக்கம் இன்னும் ஓரடி நீட்டு," என்றார் கிழவர்.

மண்வெட்டி நின்றது. "யாருக்கு ஐயா?"

கிழவர் குழியருகே சருகுகளை விலக்கினார். சிறு கல்லொன்றில் அவர் மனைவி ஹெஸ்டரின் பெயர் தெரிந்தது.

"எனக்குத்தான். கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். பனி இறங்கினா மண்ணு பாறையாயிடும். அப்புறம் இவ பக்கத்துல என்னை யார் வைப்பாங்க?"

நோரிஸ் அந்த ஓரடியையும் தோண்டி முடித்தான். மேலேறி வந்து, ஏழில் மிக அழகிய குப்பியைத் துடைத்துக் கல்லருகே நிறுத்தினான். வேலியோரம் எஞ்சியிருந்த சாமந்தி ஒன்றை அதில் இட்டு, தொப்பியைக் கழற்றி மண்டியிட்டான்.

கிழவரின் கை அவன் தலைமேல் அமர்ந்தது.

"மூடுறதுக்கும் நீயே வா தம்பி. கர்த்தர் உன் கையை ஆசீர்வதிக்கட்டும்."