பெஞ்சின் நடுவே

எல்லாப் பொருள்களும் இயல்பாகவே வெளிவிடும் மைக்ரோவேவ் கதிரை, பெர்ன் ஆய்வுக்கூடத்து மொட்டைமாடி ஆன்டெனா வரிவரியாகப் பிடித்துப் படமாக்கும்; சூடானவை அதில் வெளிச்சமாகத் தெரியும். ஒரு படத்துக்குப் பதினோரு நிமிடம். அதுவரை முற்றத்துப் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்பது யூர்க்கின் வேலை. மேலே கருவியை இயக்குவது அவர் மனைவி ரேகுலா. “மூக்கு அரிக்குது, முடிச்சியா?” என்று கீழேயிருந்து கத்துவார். இருபது வருடம் அப்படித்தான் போனது.

யூர்க் இறந்த மறுவருடம் ஆன்டெனாவைக் கழற்ற வந்தார்கள். ரேகுலா கடைசியாக ஒரு படம் எடுத்தார். காலிப் பெஞ்சின் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் வெளிச்சமாகத் தெரிந்தது.

“வெயில்ல பெஞ்சு சூடாயிருக்கும்” என்றார் சக ஊழியர் பெயாட்.

“காலையிலேருந்து தூறிக்கிட்டுல்ல இருக்கு. இன்னொண்ணு எடுங்க, நான் கீழ போறேன்.”

ரேகுலா போய்ப் பெஞ்சின் ஓரத்தில் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்தில் யூர்க் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டிருந்தார்.