கேமரா போட்டிருந்தவன்

ஆன்லைன் வகுப்பு திருப்தியா என்று மருத்துவக் கல்லூரி கேட்டபோது, ஷிபின் 'முழுத் திருப்தி' என்பதைத் தொட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டான். கொரோனாவில் கல்லூரியை மூடியதும் வளைகுடாவில், அப்பாசியாவில் இருக்கும் அம்மாவின் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தான். தினமும் லேப்டாப்பில் வகுப்பைத் திறந்துவைத்துவிட்டு மதியம்வரை தூங்குவான். கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

நர்ஸாக இருக்கும் அம்மா தேவகனி ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்: "ஒனக்க சாரு போன் பண்ணுனாரு மக்ளே. கிளாஸ்ல நீ ஒருத்தன்தான் கேமரா போட்டு எழுதிட்டு இருக்கியாம். மத்ததெல்லாம் கள்ளப் பயலுவளாம்."

அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. போய் லேப்டாப்பைப் பார்த்தான். பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது.

மறுநாளும் வகுப்பைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தான். தூக்கம் வரவில்லை. பேராசிரியர் கணையத்தைப் பற்றி ஏதோ கேட்டார். மேசைப் பக்கமிருந்து ஷிபினின் குரல் தடுமாறாமல் பதில் சொன்னது. போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தான். நாற்காலியில் அவனுடைய முதுகு தெரிந்தது.

இரவு டியூட்டி முடிந்து வந்த தேவகனி டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"இது ஆரு மக்ளே?"

"கூடப் படிச்சவன்மா," என்றான் நாற்காலியில் இருந்தவன். "படிப்ப விட்டுட்டான்."

எழுந்து உட்கார்ந்து, நான்தான் அம்மா என்று ஷிபின் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லி நிரூபிப்பது? வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தேவகனி அருகில் வந்து, விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டாள்.

"பாவம்," என்றாள். "அவனுக்க அம்மைக்குத் தெரியுமா?"