திருப்பிவிட்ட அழைப்பு

"ஒரு நம்பரை நான் பிளாக் பண்ணிட்டேன். அந்த அழைப்பையே இன்னொருத்தர் தன் போன்லேர்ந்து எனக்குத் திருப்பிவிட்டா, மணி அடிக்கலாமா சார்?" என்று கேட்டாள், தொலைபேசி மென்பொருள் எழுதுகிறவள்.

"அடிக்கணும் மேடம். பாவம், என்ன அவசரமோ" என்றார் சோதனைப் பிரிவுத் தலைவர்.

"அவசரம்னா திருப்பிவிட்டவரே எடுத்துப் பேசலாமே."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திருப்பிவிட்டாலும் தடைதான் செல்லுபடியாகும், நாளை முதல் எல்லார் போனிலும் அப்படியே என்று முடிவானது. தலைவரின் முகம் வாடியதைப் பார்த்தபோது அவளுக்குள் லேசாக உறுத்தியது. ஆனால், சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

மாலையில் அவருடைய வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்போ, இனிமே எங்கம்மா கூப்பிட்டா நானேதான் பேசணுமா?" என்று கேட்டார் அவர்.

"உங்கம்மாதானேங்க, பேசுங்க" என்றாள் மனைவி.