சொல்லிக் கொடுத்தது யார்?

மாணவர்கள் நன்றாக எழுத ஆரம்பித்த பிறகுதான் ரோண்டாவுக்குச் சந்தேகம் வந்தது.

கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு கல்லூரி. வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அவள் ஆங்கில வகுப்பு எடுக்கிறாள். அவர்கள் நர்ஸிங் படிப்பில் சேர வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுப்பார்கள். படித்துவிட்டு, சாரத்தைச் சொந்த வார்த்தைகளில் ஒரே பத்தியில் எழுத வேண்டும்.

அந்தச் சொந்த வார்த்தைதான் தகராறு. எரித்ரியாவிலிருந்து வந்த செலாம் எழுதினால் கட்டுரையின் வரிகள் அப்படியே வந்து உட்காரும். உக்ரைன்காரன் போஹ்தான் அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவான். மூலக் கட்டுரையை எழுதிய பேராசிரியருக்கே புரியாது. பிலிப்பைன்ஸ் மரிசெல் எழுதும் சுருக்கம் மூலக் கட்டுரையைவிட நீளமாக இருக்கும்.

போன பருவத்தில் ரோண்டாவின் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. அவள் ஒப்பந்த ஆசிரியை. இந்த முறையும் அப்படி ஆனால் ஒப்பந்தம் நீளாது என்று துறைத் தலைவி பெவர்லி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

பனி உருகத் தொடங்கிய சமயம், மூன்று பேரும் திடீரென்று மாறினார்கள். சின்னச் சின்ன வாக்கியம். சொல்ல வேண்டியது மட்டும். யார் எழுதிய கட்டுரை என்ற குறிப்பும் சரியாக.

எப்படி என்று ரோண்டா கேட்டாள். செலாம் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் பழகியதாகச் சொன்ன போஹ்தான் ரோண்டாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கேன்டீனில் விஷயம் பிடிபட்டது. மூலை மேஜையில் லென் டெஜர்லே. பக்கத்து வகுப்பு ஆசிரியர், நிரந்தர வேலை. அவரைச் சுற்றி இந்த மூன்று பேரும். ரோண்டாவைப் பார்த்ததும் மரிசெல் தாள்களை அள்ளிப் பையில் திணித்தாள். லென் காபியை உறிஞ்சியபடி, ரோட்டில் இன்னும் வழுக்குகிறதா என்று சம்பந்தமில்லாமல் விசாரித்தார்.

பரீட்சைக்கு எந்தக் கட்டுரை என்பது பெவர்லிக்கும் லென்னுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதில் லென்னுக்கு என்ன லாபம் என்று பஸ்ஸில் போகும்போது ரோண்டா யோசித்தாள். அடுத்த வருடம் ஒரு வகுப்பைக் குறைக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. ரோண்டாவின் மாணவர்கள் காப்பியடித்தார்கள் என்று வந்தால் எந்த வகுப்பு போகும்? பழி யார் தலையில் விழும்?

மறுநாளே பெவர்லியிடம் போய்ச் சொன்னாள். பெவர்லி லென்னையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"என் பசங்களோட கேன்டீன்ல என்ன பண்றீங்க, லென்?" என்றாள் ரோண்டா.

"அதைச் சொல்றதுக்கு இல்ல."

"பரீட்சைக் கட்டுரையைக் காட்டினீங்களா?"

லென் கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"கட்டுரையை மாத்திடுங்க, பெவர்லி. புதுசா நீங்களே ஒண்ணு எடுங்க, எனக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாற்றினார்கள். பரீட்சை அன்று காலைவரை பெவர்லியைத் தவிர யாருக்கும் தெரியாது. ரோண்டா அறையின் பின்னால் நின்று அந்த மூவரையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூவரும் கட்டுரையைப் படித்தார்கள், கவிழ்த்து வைத்தார்கள், உதடு மட்டும் அசைய என்னவோ முணுமுணுத்தார்கள். பிறகு எழுதினார்கள்.

வகுப்பு மொத்தமும் தேறியது. அவர்கள் மூவரும் நல்ல மதிப்பெண்ணோடு.

முடிவு வந்த அன்று மரிசெல் ஒரு டப்பா நிறையப் பன்சித் நூடுல்ஸ் சமைத்து எடுத்து வந்தாள். ரோண்டாவுக்கு இனியும் பொறுக்கவில்லை. லென் என்னதான் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டாள்.

"கட்டுரையைக் கவிழ்த்து வெச்சிட்டு, ஊர்ல இருக்கிற அக்காகிட்ட போன்ல சொல்ற மாதிரி அவங்கவங்க பாஷையில சொல்லிப் பார்க்கச் சொன்னார், மேம். அப்புறம்தான் இங்கிலீஷ்ல எழுதணும். அவ்வளவுதான்."

"இதை என்கிட்ட மறைப்பானேன்?"

மரிசெல் தயங்கினாள். "நாங்க தேறலன்னா உங்களுக்கு வேலை போயிடும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. உங்ககிட்டயே வந்து புரியலன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். அதான் லென் சார்கிட்ட போனோம். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டோம்."

ரோண்டா டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"பாவம் மேம் அவர். நடுவுல யாரோ அவரைப் பத்தி ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டாங்களாம். நாங்க பயந்துபோய், நிறுத்திடலாம் சார்னு சொன்னோம். அவர் கேட்கல. அதுக்கப்புறமும் தினம் வந்து உட்கார்ந்தார்."

"யாருன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் ரோண்டா.

"கேட்டோம், மேம். உங்க மேல பழி வந்துடக் கூடாதேன்னு பயந்த ஒருத்தர்னு மட்டும் சொன்னார். பேரு அவருக்கும் தெரியாதாம்."