சாவி இல்லாத வாட்ச்

"சாவி எங்கடா? முக்கியமானதையே வைக்க மறந்துட்டியா?"

தொம்மை கேட்டதும் மகன் ஆண்டோ சிரித்தான். "இது ஆட்டோமேட்டிக்ப்பா. சாவியே குடுக்க வேணாம். கை ஆடுனா அதுவா ஓடும். ஆடலைன்னா ஒன்றரை நாள்ல நின்னுடும்."

ஆண்டோவுக்குத் திண்டிவனத்தில் லேத் பட்டறை. ஏதோ ஃபாரின் பத்திரிகையில் எட்டு மூலையும் எட்டுத் திருகுமாக ஒரு வாட்ச் படத்தைப் பார்த்துத் தொலைத்தான். அதன் விலைக்கு ஊரில் இரண்டு வீடு வாங்கலாமாம். அன்று பிடித்தது பைத்தியம். பழைய போர் மோட்டாரின் ஸ்டீல் ஷாஃப்டை அறுத்து, கடைந்து, அரம் போட்டு ராவி, மூன்று மாதத்தில் அதே மாதிரி செய்துவிட்டான். உள்ளே ஓடும் மிஷின் மட்டும் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழசு.

"அதை ஏன்டா விழுந்த கைல கட்டறே? வலது கைல கட்டேன்."

"சோறு திங்கற கை நனையும்ப்பா. தண்ணி பட்டா மிஷின் போயிடும்." சொல்லிக்கொண்டே, கொக்கிக்குப் பதிலாக ஒரு திருகைப் போட்டுப் பட்டையை இறுக முறுக்கினான். இனி ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கழற்ற முடியாது.

தொம்மைக்குப் பேசவே அலுப்பாக இருந்தது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம். மாத்திரை, எண்ணெய், டாக்டர் சொன்ன பயிற்சி எல்லாமே சலித்துப்போய், "போதும், என்னை விட்டுடுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டவர் அவர். இடது கை இருக்கிறதா என்றுகூட இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைத்துனர் சவுரிராயன் வந்தார். குனிந்து வாட்சைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், நின்னுபோச்சு! மோட்டார் ஷாஃப்ட் கடையறவனுக்கு எதுக்கு இந்த வேலை? அடுத்த வாரமும் வர்றேன். அப்பவும் நின்னிருந்துச்சுன்னா, கோயில் வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பேன்."

ஆண்டோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊசியால் எதையோ நோண்டி மணியைத் திருத்தினான். தொம்மை வெகுநாள் கழித்துத் தன் இடது கையைப் பார்த்தார். வாட்சில் ஒரு குறையும் இல்லை. செத்த கைதானே அதை நிறுத்துகிறது! தன்னால் பிள்ளைக்கு இந்த அவமானமும் வேண்டுமா?

மறுநாள் ஆண்டோ பட்டறைக்குப் போனதும், தொம்மை வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து முகம்வரை தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். உள்ளே ஏதோ உருளும் சத்தம். பத்து தடவைக்குள் மூச்சு வாங்கியது. வாட்சைக் காதோரம் கொண்டுபோனார். ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா! மதியம் பத்து, சாயங்காலம் பத்து. போகப்போக இருபது, முப்பது.

"இன்னா மாமா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றாள் மருமகள் பிரின்சி.

"கொசு ஓட்டறேம்மா."

பட்டப்பகலில் எந்தக் கொசு என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாட்ச் ஓடியது. "ஏதோ ஒரு வாரம் ஓடிடுச்சு. பாக்கலாம்" என்று போனார் சவுரிராயன். சனியன், ஒரு வாரமாவது வராமல் இருந்தானா? நான்கு மாதம், ஒரு நாள்கூடத் தொம்மைக்கு ஓய்வில்லை.

ஆண்டோ அவரை விழுப்புரத்து டாக்டரிடம் அழைத்துப் போனபோது, வலது கையில் தடியை ஊன்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். டாக்டர் இடது கைவிரல்களை அழுத்தினார். விரல்கள் திருப்பிப் பிடித்தன.

"அட! தினம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கணும்னு சொன்னேனே, ஒழுங்கா பண்றீங்க போல?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்றதில்லைங்க" என்றார் தொம்மை வீம்பாக. மகனை வைத்துக்கொண்டு வாட்ச் ரகசியத்தை எப்படிச் சொல்வது?

ஆண்டோ சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தான். உள்ளே கடுகளவு ஸ்டீல் திருகு.

"வாட்சோட சாவி சார். நான்தான் கழட்டி வச்சேன். இது இருந்தா ரெண்டு முறுக்கு முறுக்கிட்டுத் தூங்கிடுவாரே! வாரா வாரம் வந்து கிண்டல் பண்ணச் சொல்லி எங்க மாமாவையும் நான்தான் அனுப்பினேன்."

"அடப்பாவி! கூட்டு சேர்ந்துக்கினு ஏமாத்தினீங்களாடா?" தொம்மை மகனை அடிக்கக் கையை ஓங்கினார்.

தடி வலது கையிலேயே இருந்தது. ஓங்கியது, வாட்ச் கட்டிய கை.